பதினேழாம் பிளாக்குக்குப் போன கடிதம்

வெள்ளைச்சாமி ரிட்டயர் ஆகி வடலூருக்குக் குடிவந்து பதினாலு வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் காலையில் ஷிப்ட் நேரமானால் அவர் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும், சாவி இருக்கிறதா என்று. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்து வெடிமருந்துக் கிடங்கின் சாவி அது. முப்பத்துமூன்று வருஷம் அவரிடம்தான் இருந்தது.

அடடா, அதெல்லாம் என்ன நாள்! வெடி வைக்கிறவர்கள் காலையில் வந்து சீட்டு எழுதி, வெடியைக் கிளப்பும் டெட்டனேட்டர்களை எண்ணி வாங்கிப் போவார்கள். சாயங்காலம் வெடித்தது போக மிச்சத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். பழைய சீட்டு திரும்பினால்தான் மறுநாள் புதுச் சீட்டு. ஒன்று குறைந்தாலும் ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பச் சைக்கிளைத் தொட முடியாது. ஒருமுறை பழைய சீட்டு திரும்பாத ஆளுக்காகப் பெரிய இன்ஜினியரே வந்து, "நான் சொல்றேன்யா, குடுத்தனுப்பு" என்றார்.

"நீங்க சொன்னாச் சரிதான் சார். அதையே இந்தச் சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க" என்று இவர் பேனாவை நீட்டினார். அவர் பேனாவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டார். கேண்டீனில் ஒரு வாரத்துக்கு இதே பேச்சுதான். இப்போதும் அதைச் சொல்லும்போது வெள்ளைச்சாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் அந்தப் பிடிவாதம் சும்மா வந்ததல்ல. நெய்வேலிக்கு வருமுன் சாத்தூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் இதே வேலை பார்த்தார். ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், எண்ணாமலே 'மிச்சம் வந்து சேர்ந்தது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒன்று வந்து சேரவில்லை. மறுநாள் கல் பொறுக்கிய பேச்சியம்மாளின் வலது கையில் அது வெடித்து மூன்று விரல் போயிற்று. தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் இவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதுதான் இன்றைக்கும் அவர் நெஞ்சைக் குடைகிறது.

போன சித்திரையில் பேப்பரில் ஒரு படம் வந்தது. எங்கோ நடக்கிற சண்டையில் இடிந்துபோன பள்ளிக்கூடம், அதன் வாசலில் ஒரு குண்டின் உடைந்த துண்டு. யார் செய்தது, யாருக்கு விற்றது, எப்படி அங்கே போனது, ஒன்றும் தெரியவில்லையாம். வெள்ளைச்சாமிக்குக் காபி இறங்கவில்லை.

"நாமளும் இப்ப வெளிநாட்டுக்கு ஆயுதம் விக்கிறோமே, சீட்டு திரும்பி வருதான்னு யாரு பாக்கிறா?" என்றார் மனைவி பட்டம்மாளிடம்.

"வாங்குறவன் எழுதிக் குடுக்காமயா இருப்பான்?"

"எழுதிக் குடுப்பான். நானுந்தான் எழுதிக் குடுத்தேன், பேச்சியம்மா வெரலுக்கு."

பட்டம்மாள் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே உட்கார்ந்தார். கீழே கார்பன் தாள் வைத்து, தொகுதி எம்.பி. மூலம் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். போர் விதிகளைத் தானும் மதிப்பதாக, மற்றவர்களையும் மதிக்கச் செய்வதாக ஜெனீவா ஒப்பந்தத்தில் நம் நாடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. அப்படியிருக்க, விற்கிற ஆயுதம் சொன்ன இடத்துக்குத்தான் போனதா, அங்கிருந்து வேறு கைக்கு மாறியதா என்று நாடாளுமன்றக் குழு ஒன்று வருஷா வருஷம் பார்க்க வேண்டாமா? இதுதான் மனு. சாவதற்குள் இந்த ஒரு கேள்வியாவது அந்தச் சபைக்குள் போய்விட வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கடலூரிலிருக்கும் எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பினார்.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, ஆடியும் போயிற்று. பதில் இல்லை. ஒப்புகை அட்டைகூடத் திரும்பவில்லை. வடலூர் டீக்கடையில் உட்கார்ந்து தபால் இலாகாவில் ஆரம்பித்து எம்.பி. வரைக்கும் ஒருத்தர் விடாமல் வறுத்தெடுத்தார்.

"ஏங்க, எந்த அட்ரஸ் போட்டீங்க?" என்று ஒருநாள் பட்டம்மாள் கேட்டாள்.

"நம்ம அட்ரஸ்தான். இதென்ன கேள்வி?"

"நகலை எடுங்க, பாப்போம்."

எடுத்தார். முத்து முத்தான எழுத்தில் இருந்தது: குவார்ட்டர்ஸ் எண் 46, பதினேழாம் பிளாக், நெய்வேலி.

"நல்லா இருக்கு! வடலூருக்கு வந்து பதினாலு வருஷமாச்சு. இதே தப்பை வேற எவனாச்சும் பண்ணியிருந்தா ஊரையே கூட்டியிருப்பீங்களே!"

தான் முன்பு குடியிருந்த அந்தக் கம்பெனி வீட்டுக்கு பஸ் பிடித்து ஓடினார். பதினேழாம் பிளாக்கில் இறங்கியதும் கால் தானாக வழி கண்டுபிடித்தது. அவர் நட்ட பலா வீட்டுக் கூரைக்கு மேலே வளர்ந்திருந்தது. மகள் ஹரிணி பிறந்ததும், அவளுக்கு சைக்கிள் பழக்கியதும், முழங்கால் சிராய்த்து அவள் அழுததும் இந்த வாசலில்தான். போன காரியம் மறந்து கேட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கண் கலங்கியது.

வெளியே வந்தது பவித்ரா. பக்கத்துக் கம்மாபுரத்துப் பெண், சுரங்கத்தில் ஜூனியர் இன்ஜினியர், இப்போது அந்த வீட்டில் குடியிருப்பவள். இவர் தன் பேரைச் சொன்னார்.

"வெள்ளைச்சாமி ஐயா நீங்கதானா? உங்க பேருக்கு லெட்டர் வந்துகினே இருந்துச்சுங்க. போஸ்ட்மேனும் புதுசு, யாரைக் கேக்கறதுன்னு தெரியல. மீட்டர் பெட்டி மேலயே வச்சிருக்கேன்."

ஒப்புகை அட்டை இருந்தது. எம்.பி.யின் உதவியாளர் அசோக்குமார் அனுப்பிய உறையும் இருந்தது. மனுவை நாடாளுமன்ற மனுக்கள் குழுவுக்குக் கொண்டுபோக எம்.பி. சம்மதித்துவிட்டார், கூடவே இருக்கும் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்திட்டு ஆகஸ்ட் ஐந்துக்குள் அனுப்பவும் என்று அதில் இருந்தது. அன்றைக்குத் தேதி ஆகஸ்ட் இருபத்துமூன்று.

உறையிலிருந்த எண்ணுக்குப் பவித்ராவே போன் போட்டுக் கொடுத்தாள்.

"கூட்டத்தொடர் முடிஞ்சிருச்சே ஐயா" என்றார் அசோக்குமார். "பதில் வரல, உங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சு மூடிட்டோம். அடுத்த கூட்டத்துக்கு வேணும்னா குடுங்க."

வெள்ளைச்சாமி படியில் உட்கார்ந்துவிட்டார். ஆயுதம் போன இடம் சரியா என்று கேட்டு எழுதின மனுஷன், தான் போட்ட முகவரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. "அம்மா, சிவப்புப் பேனா இருக்கா?" என்றார் பவித்ராவிடம்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது. ஒற்றைச் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். படிவத்திலிருந்த முகவரியை அப்படியே அடித்தார். வடலூர் முகவரியை எழுதினார். கையெழுத்துப் போட்டு, கீழே தமிழில் எழுதினார்:

'முகவரியைத் தவறாகக் கொடுத்தது நான். நாலு மாதம் அது தெரியாமல் மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி கேட்டாள், தப்பு வெளியே வந்தது. என்னைக் கேட்க வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அரசாங்கத்தைக் கேட்க நாடாளுமன்றத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள்.'

தபாலை நம்பவில்லை. அங்கிருந்தே கடலூருக்கு பஸ் ஏறினார். அசோக்குமார் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் நகலில் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்த நகலைப் பட்டம்மாளிடம் நீட்டினார். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதலில் முகவரியைப் படித்தாள்.