காப்பிக் களத்தில் கறுப்பும் சிவப்பும்

முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லாமல், மலையில் சும்மா நடந்துவிட்டு வருவதற்காக நான் ஊரை விட்டுக் கிளம்பினேன் என்றால் என் மனைவி இன்றைக்கும் நம்ப மாட்டாள். கடைத்தெருவுக்கே சைக்கிள் இல்லாமல் போகாத ஆள் நான். எல்லாம் என் சிநேகிதன் செய்த வேலை. நாகப்பட்டினத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆள் உயரப் பையோடு திரிவதைப் பார்த்துவிட்டு வந்தவன், யாரிடமோ என்.சி.சி. முதுகுப்பை இரண்டை இரவல் வாங்கிக்கொண்டு, "மார்கழி பொறந்தாச்சு, வயல்ல வேலை இல்ல, கெளம்புடா" என்று வந்து நின்றான்.

கூப்பிட்ட நேரம்தான் சரியில்லை. எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம். அவன் அப்பா மிராசுதார். என் அப்பா அவருடைய நிலத்தில் நாலு ஏக்கரைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். எழுத்து எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. ஆட்சி மாறி, குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்ததும் அப்பா மனுப் போட்டார். மிராசுதாருக்கு வந்ததே கோபம்! "அது என் சொந்தச் சாகுபடி, இவர் கூலிக்கு நின்ற ஆள்" என்று எதிர்மனுப் போட்டுவிட்டார். பெயர் ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு நாங்கள் அந்த வயலில் கால் வைக்க முடியாது. தாசில்தார் விசாரணையில் மிராசுதார் தரப்புச் சாட்சி யார் தெரியுமா? வருஷா வருஷம் எங்கள் களத்துக்கு வந்து நின்று நெல் அளந்து வாங்கிப்போன அவர் மகன். என் சிநேகிதனேதான்.

கிளம்பும்போது அப்பா சொன்னார். "போயிட்டு வா. அந்தப் புள்ளகிட்ட கேஸைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. அதுக்கா தோணுனதச் சொல்லட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காயப்போகிற வயிறு நம்முடையது, இதில் இவ்வளவு பெருந்தன்மையா! ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறி, மலை பாதி ஏறியதும் ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். அங்கிருந்து நடை. ஐயோ, அது நடையா! எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் வாய்க்கால் கரை, அதை விட்டால் ரயில் பாதை மேடு. அதில் ஏறியே பெருமூச்சு விடுகிற எங்களுக்கு வழியெல்லாம் செங்குத்தாக ஒரு மலை. முதல் அரை மணி நேரத்திலேயே என் முழங்கால் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டது. அவன் கெட்ட கேட்டுக்குப் பாட்டு வேறு பாடிக்கொண்டு முன்னால் போனான். அவனைத் திட்டிக்கொண்டே ஏறியதில் எனக்கும் கொஞ்சம் குஷி வந்துவிட்டது என்பதை மறைப்பானேன்.

இருபுறமும் காப்பிச் செடி. காலையில் பல் துலக்கியதும் காப்பி இல்லாமல் பேசவே வராத ஊர்க்காரர்கள் நாங்கள். அந்தச் செடியை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தோம். ஆசையாக ஒரு கடையில் காப்பி கேட்டால், கருப்பட்டி போட்ட கடுங்காப்பியை நீட்டினார் கடைக்காரர்.

"ஏங்க, காப்பி வெளையற ஊர்ல காப்பி இப்படியா?" என்றான் சிநேகிதன்.

"நல்ல கொட்டையெல்லாம் உங்க ஊருக்கு வந்துருது தம்பி. எங்களுக்கு இதுதான்" என்றார் அவர். இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தோம்.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. அவன் எல்லாம் பேசினான், அதை மட்டும் பேசவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் முற்பகல், ஒரு வீட்டை ஒட்டிய சிமெண்டுக் களத்தைக் கடந்துகொண்டிருந்தோம். களம் நிறையக் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று வானம் இருட்டிப் பெரிய பெரிய தூறலாக விழுந்தது. அவ்வளவுதான். காய்கிற களத்தில் மழை விழுந்தால் எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பைகளை வீசிவிட்டு இருவரும் பாய்ந்தோம். அங்கே கிடந்த பலகையால் நான் தள்ள, அவன் கூடையால் வார, கண்மூடித் திறப்பதற்குள் அத்தனையையும் ஒரே அம்பாரமாகக் குவித்து, பக்கத்தில் மடித்துக் கிடந்த தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டோம். மிராசுதார் மகனுக்கு இவ்வளவு வேகமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! நேத்துப் பறிச்ச பழத்தையும் காஞ்ச பழத்தையும் ஒண்ணாப் போட்டுட்டீங்களேப்பா!"

பார்த்தால், பல நாள் காய்ந்து கறுத்துப்போனது பாதி, காயாமல் சிவப்பாகவே இருந்தது பாதி. நெல்லில் எங்களுக்கு அந்தப் பேதம் ஏது?

"கறுப்பும் செவப்பும் கலந்து கட்சிக்கொடி மாதிரில்ல இருக்கு" என்று அவன் சொன்னதும் அந்தம்மாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. தூறலும் வந்த வேகத்தில் நின்றது. மூவரும் உட்கார்ந்து கறுப்பைத் தனியாக, சிவப்பைத் தனியாகப் பொறுக்க ஆரம்பித்தோம்.

"மழை விழுந்ததும் இப்படிப் பாயுறீங்களே, எந்த ஊரு?" என்று கேட்டார் அந்தம்மா.

"தஞ்சாவூர்ப் பக்கங்க. நெல்லு காயவெச்ச பழக்கம்" என்றேன்.

"சொந்த நெலமா?"

நான் குனிந்து பழம் பொறுக்கினேன். சிநேகிதன் பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"நெலம் எங்களுதுங்க. சாகுபடி இவங்க அப்பா. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து அவருதான் பண்றாரு."

என் கையிலிருந்த பழமெல்லாம் எந்தக் குவியலில் விழுந்ததென்று எனக்குத் தெரியாது. அந்தம்மா, "ஏப்பா, மறுபடி கலக்குறியே" என்று கையைத் தட்டிவிட்டார்.

கீழே இறங்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. அப்பா கேட்கக் கூடாது என்றால் என்ன, கேட்டே விட்டேன். "டேய், இதையே தாசில்தார்கிட்டயும் சொல்லுவியா?"

"அங்க சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சுடா. ஊர்ல எங்க சொல்றது? உன்கிட்ட சொன்னா உனக்கு ஆறுதல் சொன்னமாதிரி ஆயிடும். யாரோ ஒருத்தர் கேக்கணும், நான் சொல்லணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூச்சமாக இருந்ததால் அவன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டேன். பஸ் நிற்கிற இடம் வரை முழங்கால் வலிக்கவே இல்லை.

ஊர் திரும்பிய நாலாம் நாள் விசாரணை. தாலுகா ஆபீஸில் ஒரு பெஞ்சில் என் அப்பா, எதிர் பெஞ்சில் மிராசுதார். தாசில்தார் கேட்டதற்கு அவன் மலையில் சொன்னதையே சொன்னான். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. எழுதியதைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மிராசுதார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். மகனைப் பார்க்காமல் வாசல் வரை போனார். இனி அவன் வீட்டுப்படி ஏற முடியாது என்றுதான் அங்கிருந்த எல்லோரும் நினைத்தோம். வாசலில் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"ஒங்கம்மா சாப்பிடாம ஒக்காந்திருப்பா. நேரத்தோட வீட்டுக்கு வந்து சேரு."

தாசில்தார் முன்னால் கல்லாக நின்றவன், அதைக் கேட்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான்.