சுவர் இல்லாத கல்

பிள்ளைகளா, டிவிக்குப் பக்கத்தில் இருந்த கருங்கல் எங்கே என்று நேற்று இரண்டு பேரும் கேட்டீர்கள். "வச்சிட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். வாயால் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். சரித்திரத்தில் ஏதாவது பிசகியிருந்தால் உங்கள் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையில் அடங்கும் கல் அது. ஒரு பக்கம் மழை பட்டுப் பட்டு வழவழப்பாக இருக்கும். மறுபக்கம் சொரசொரப்பு, இடுக்கில் காய்ந்த மண். அது என் போர்மேனுடையது. இந்த பேண்டேஜ் கம்பெனிக்கு வருவதற்கு முன் வளைகுடாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினேன் அல்லவா, அங்கே அவர்தான் எங்களுக்கு மேலாள். பிலிப்பைன்ஸின் வடக்கு மலைக்காரர். அந்த மலை ஜனங்களை இகோரோட் என்பார்கள். சமவெளிக்காரர்கள் சிலர் அந்தப் பெயரை ஏளனமாகச் சொல்வார்கள். இவர் அதைத் தன் ஹெல்மெட்டிலேயே எழுதி வைத்திருந்தார்.

கல்லை அவர் லாக்கரில் பார்த்த அன்று, எங்களோடு இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏலே, நாம ஊர்ல இருந்து பால்கோவா கொண்டாரோம். இந்த மனுசன் பிளேன்ல கல்லத் தூக்கிட்டு வந்திருக்காருலே!" போர்மேன் எங்களிடம் கற்ற தமிழில் நிதானமாகச் சொன்னார்: "பால்கோவா முடிஞ்சுபோச்சு. கல்லு முடியாது, தம்பி."

நாம் பஸ்ஸில் போகும்போது மேற்கே மலை தெரியுமே, அதன் சரிவு முழுக்கப் படிப்படியாக நெல்வயல் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அவர் ஊர். ஒவ்வொரு படியையும் தாங்கிப் பிடிப்பது கல்சுவர். வெளியூர் போகிறவர் சுவரின் மேல்வரிசையிலிருந்து ஒரு கல்லைக் கையோடு எடுத்துப் போவது அவர் வீட்டு வழக்கமாம். அந்த ஓட்டையை வேறு கல்லால் அடைக்க மாட்டார்கள். போனவர் வந்துதான் வைக்க வேண்டும். இந்த வருடம் திரும்பிவிடுவேன் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீ குடிக்கும் நேரத்தில் ஸ்பெயின்காரர்கள் கதை வரும். மலையில் தங்கம் இருக்கிறது என்று தெரிந்து வந்தவர்கள், கீழே இறங்கி வாருங்கள், எங்கள் சாமியைக் கும்பிடுங்கள், வரி கட்டுங்கள் என்றார்களாம். சிலர் இறங்கினார்கள். இவர் முன்னோர்கள் இன்னும் மேலே ஏறினார்கள். சண்டையும் போட்டார்கள், ஆனால் போர்மேன் அந்த வீரக் கதைகளில் அதிகம் நிற்க மாட்டார். பட்டாளம் வந்து வீட்டை எரிக்கும், நெல்லை எரிக்கும், சுவரை இடித்துத் தள்ளும், போகும்போது அம்மை நோயையும் விட்டுவிட்டுப் போகும். "அவிய போன பொறவு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "விழுந்த கல்லை எடுத்து வச்சோம்" என்றார். "மறுபடி வந்தாங்க. மறுபடி வச்சோம். முந்நூறு வருசத்துக்கு மேல." இடிந்த சுவரைத் தாண்டி யார் நடந்தாலும், அது பகையாளி வயலாகவே இருந்தாலும், ஒரு கல்லை எடுத்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

ஒரு கோடை மதியம் சாரத்தின் அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உடலையும் பெட்டியையும் ஊருக்கு அனுப்பினார்கள். சாமான் கட்டியவன் கல்லைக் குப்பை என்று ஓரமாக எறிந்திருந்தான். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் போய்ச் சேர்ந்தார், கல் போகவில்லை. இத்தனை வருடமும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணன் எப்படியோ போர்மேனின் மகள் நம்பரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். "அந்தக் கல்லு இன்னும் ஒங்கிட்டதான கெடக்கு? அனுப்பி வுட்டுருடே" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. பெரியவளே, பார்சல் அனுப்ப விலாசம் கேட்டு நீதான் இங்கிலீஷில் மெசேஜ் டைப் செய்து கொடுத்தாய். பதில் வாய்ஸ் மெசேஜாக வந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். அந்தப் பெண் மெதுவான இங்கிலீஷில் பேசியிருந்தாள். தங்கம் தோண்டித் தோண்டி மலைக்குள் பொந்தாகிவிட்டதாம். பெருமழையில் சரிவு மொத்தமாக இறங்கி, வயலும் சுவரும் மண்ணுக்கடியில் போய்விட்டனவாம். இப்போது கீழே டவுனில் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். "அனுப்ப வேண்டாம், அங்கிள். கல்லை எங்கே வைப்பேன்?" என்று முடித்திருந்தாள்.

பட்டாளத்தால் இறக்க முடியாத குடும்பம் கீழே இறங்கிவிட்டது. போர்மேன் இதைக் கேட்காமல் போனதே நல்லது என்று முதலில் தோன்றியது. பிறகு, அப்படி நினைப்பதும் பாவம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை இருக்கிறது என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போனேன் இல்லையா? பிளவக்கல் அணைப் பக்கம்தான் வண்டியை விட்டேன். அணைக்கு முன்னால், மலையடியில், யாருடையதோ ஒரு மாந்தோப்பு. அதன் கல்கட்டுச் சுவர் ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. சுற்றிலும் ஆளில்லை. விழுந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். மேல்வரிசையில் ஒரு கல்லுக்கு இடம் மிச்சமிருந்தது. பையிலிருந்து அவர் கல்லை எடுத்து, வழவழப்பான பக்கம் மழையைப் பார்க்கும்படி வைத்தேன். ஆடியது. வாய்க்காலில் ஈரமண் அள்ளி வந்து அடியில் பூசி, அது ஆடாமல் நிற்கும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.