காய்ச்சலோடு ஏறக்கூடாது

சென்ற செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் புவனத்தைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆறு மாதக் கர்ப்பிணி. மலேரியா. கணவன் தடுப்பு முகாமில்.

நாங்கள் இருப்பது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம். நடுவில் இருப்பது 'பாதை' — ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. இரண்டு துறைகளிலும் இப்போது ஒரே அறிவித்தல்: "காய்ச்சல் உள்ளவர்கள் பாதையில் ஏறக்கூடாது."

காய்ச்சல் இல்லாதவர் ஆஸ்பத்திரிக்கு ஏன் போகிறார் என்று கேட்கிறீர்களா? முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் இருந்தவன் நான். அப்படியெல்லாம் கேட்கமாட்டேன்.

மலேரியா ஒழுங்கான வியாதி. ஒருநாள் விட்டு ஒருநாள், பதினொரு மணிக்கு நடுக்கம், பிறகு காய்ச்சல். ஆகவே ஒன்பது மணிக்கே துறையில் நின்றோம். வெப்பமானியைப் பார்த்த அலுவலர் திருப்தியாகத் தலையாட்டினார்.

காய்ச்சலுக்குக் குறித்த நேரம் இருந்தது. பாதைக்குத்தான் இல்லை... சோதனைச் சாவடியில் ஒவ்வொரு கத்தரிக்காய் மூட்டையும் அவிழ்க்கப்பட்டது. புறப்படும்போது பத்தே முக்கால். நடு வாவியில் புவனத்தின் பற்கள் அடிக்கத் தொடங்கின.

"மாமா, வருகுது."

"கொஞ்சம் பொறு மகள்."

"இதென்ன மூத்திரமா மாமா, அடக்கி வைக்க?"

அக்கரையில் இறங்கியவுடன் அங்கேயும் வெப்பமானி. நூற்றுமூன்று! அந்த இளம் அலுவலர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயா, இவவைத் திருப்பிக் கொண்டு போங்க."

"எதில தம்பி?"

"பாதையிலதான்."

"காய்ச்சல்காரர் ஏறக்கூடாதே. உங்கட போர்டுதான் சொல்லுது."

"அப்ப... ஏன் இறக்கினீங்க?"

"இறங்கக்கூடாதெண்டு எங்க எழுதியிருக்கு?"

அவர் பலகையை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். புவனம் மணலில் சுருண்டு கிடந்தாள். எங்களோடு வந்த மீன்காரிக்குப் பொறுக்கவில்லை.

"மெதுவா வாசியுங்க தம்பி. புள்ளத்தாச்சி சாகுமட்டும் நேரம் கிடக்கு!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை அசைத்தார். போனோம். ஆஸ்பத்திரியில் உடனே கட்டில், சேலைன். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை என்றார் டொக்டர்.

மாலையில் தனியாகத் திரும்பினேன். பலகையில் புதிதாக ஒரு வரி, மை காயாமல்: "காய்ச்சலோடு இறங்கவும் கூடாது."

எழுத வைத்தவன் நான்தான். புவனம் தப்பிவிட்டாள். நாளைக்கு வருகிறவள்?

அவளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து கேளுங்கள் — இங்கே எழுதினால், இந்தப் பத்திரிகைப் பத்தியை அந்தத் தம்பியும் வாசிக்கிறாராம்.