பக்கத்துல யார் நின்னது?

சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் ஷிப்ட் வாட்ஸப் குழுவில் கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வரிசையாக வந்து விழுந்தன. யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்கு இது பிடிக்காது. "யாருன்னு ஒருத்தனாவது டைப் பண்ணித் தொலைங்கடா" என்று போட்டேன். பாலாஜியிடமிருந்து குரல் பதிவு வந்தது. "மச்சான், நம்ம நசீர் பாய் பூட்டார்டா. கோவளத்துல. காலைல. ஹார்ட்டாம்."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அடுத்த நிறுத்தம் வந்த பிறகுதான் எங்கே போகிறோம் என்று உறைத்தது. இறங்கி, கோவளத்துக்காகக் கேளம்பாக்கம் பக்கம் போகும் வண்டி தேடினேன். நடுவில் என் தங்கை ஷீபாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் வடக்கே ஒரு கல்லூரியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். கேட்டதும் அவள் அழவில்லை. ஒரு கேள்வி கேட்டாள். அது என்ன கேள்வி என்று கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இந்தத் தொழிற்சாலை மலரைப் படிக்கிற புது டிரெய்னிகளுக்காகச் சொல்கிறேன். நசீர் பாய் நம் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவின் பொறுப்பாளர். கோவளத்துக்காரர். அவருடைய வாப்பா விட்டுப்போன படகை இப்போது தம்பி சலீம் ஓட்டுகிறார். லீவு நாளில் பாய் அந்தப் படகின் எஞ்சினோடுதான் கிடப்பார். ஆள் குள்ளம், குரல் கனம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன், பெரும்பாலும் சண்டை போட்டுக்கொண்டு. செத்துப்போனார் என்பதற்காக அவரைப் புனிதராக்கி எழுத எனக்கு வராது. மீட்டிங்குக்குத் தாமதமாக வருவார். வந்ததும் ஏப்பம் விடுவார். வினோத் என்கிற என் பெயரை ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் 'ரீசெட்டு'.

அந்தப் பெயர் ஒரு கம்ப்ரசரால் வந்தது. அது ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று டிரிப் ஆகி நின்றுவிடும். நான் ரீசெட் பட்டனை அழுத்துவேன். ஓடும். மறுபடி நிற்கும். மறுபடி அழுத்துவேன். பாய் வந்தார். மெஷினைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார்.

"டிரிப் ஆனப்போ பக்கத்துல யார் நின்னது?"

"நான்தான் பாய்."

"இன்னா சத்தம் கேட்டுச்சு?"

"கவனிக்கல. லேப்டாப்ல டிரெண்ட் கிராஃப் பாத்துகினு இருந்தேன்."

"அப்போ நீ நிக்கல. மெஷினு பாவம் தனியா நின்னுகினு இருந்துச்சு."

கேன்டீனில் அன்றைக்கு இதுதான் எல்லார் வாயிலும். எனக்கு எரிச்சல். டேட்டா முழுக்க திரையில் இருக்கிறது, இவர் என்னடா ஆளைத் தேடுகிறார் என்று. ஆனால் அது அவருடைய வேலைமுறை. எதில் கை வைப்பதற்கும் முன்னால், அது நின்றபோது பக்கத்தில் இருந்தவரை உட்கார வைத்துப் பேச விடுவார். "திரை இன்னா ஆச்சுன்னு சொல்லும். நின்னவன்தான் அதுக்கு முன்னாடி இன்னா நடந்துச்சுன்னு சொல்லுவான்" என்பார். பாதி நேரம் அந்தப் பேச்சில் உபயோகமாக ஒன்றும் கிடைக்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி ஷீபா விஷயம். எங்கள் குடும்பத்தில் ஊரை விட்டுப் படிக்கப் போகிற முதல் ஆள் அவள். ஓர் அறைக்கு நாலைந்து பேர் தங்குகிற ஹாஸ்டல். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, அதாவது மெனிஞ்ஜைட்டிஸ் ஊசி, போட்டுக்கொண்டு வந்தால் நல்லது, கட்டாயமில்லை என்று கல்லூரியிலிருந்து சொல்லியிருந்தார்கள். எனக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை. நெருக்கமாக அடைந்து வாழ்கிற பிள்ளைகளிடம் பரவக்கூடிய நோய். அபூர்வமாக வரும், வந்தால் நேரம் தராது. பாய்லர் வெடிப்பது அபூர்வம் என்பதற்காக யாராவது சேஃப்டி வால்வைக் கழற்றி வைப்பார்களா? இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். காலையில் வந்த காய்ச்சல் எவ்வளவு வேகமாக ஆளைச் சாய்க்கும் என்பது உட்பட, படம் காட்டி விளக்கினேன்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்டி ஒரு நோயி அங்க கீதுன்னா அந்தக் காலேஜே வேணாம். செங்கல்பட்டுல இல்லாத காலேஜா? இங்கியே சேத்துடு" என்றார்.

ஷீபா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "யண்ணா, உன்ன யாரு இவ்ளோ வெளக்கச் சொன்னது? வாய வெச்சுகினு சும்மா இருக்க மாட்டியா?" ஊசியோடு சேர்த்து அவளுடைய சீட்டும் ஆடத் தொடங்கியது. அப்பா செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர். அம்மா சொல்வதற்கு மேல் அவருக்கு ஒரு கருத்து கிடையாது.

நான் விடவில்லை. செங்கல்பட்டில் மருந்துக் கடை ஒன்றில் அந்த ஊசி கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர், "ஹஜ்ஜுக்கா சார்?" என்றார். தங்கச்சி காலேஜுக்கு என்றேன். "காலேஜுக்கு யாரு சார் கேக்குறா? ஹஜ்ஜுக்குப் போறவங்க கேப்பாங்க, வரவழைச்சுக் குடுப்போம்." இதை வீட்டில் வந்து சொன்னேன் பாருங்கள், அது அடுத்த தப்பு. அம்மாவுக்குப் புதிதாக ஒரு பிடி கிடைத்தது. "அது பாய்மாருங்க மெக்காவுக்குப் போட்டுகினு போற ஊசியாம். நாம வேளாங்கண்ணிக்கே போயி எத்தினி வருசம் ஆச்சு? நமக்கு எதுக்கு அது?"

அப்போதுதான் நசீர் பாய் நினைவு வந்தது. அவர் தன் உம்மாவை ஹஜ்ஜுக்குக் கூட்டிப்போனவர். அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட ஒரு கை, தினமும் என் எதிரில் டீ குடித்துக்கொண்டிருந்தது. ஆளைக் கொண்டுபோய் அம்மா முன்னால் நிறுத்தினால் கதை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆராதனை முடிந்து வரும் நேரமாகப் பார்த்து, பைக்கில் வந்து சேர்ந்தார்.

அம்மா நேராகவே கேட்டார். "அந்த ஊசி போட்ட கையக் காட்டுங்க பாய்." அவர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். பழைய தழும்பு ஒன்று இருந்தது. "இதானா?"

"அது கொழந்தையில போட்டதுக்கா. இது தடமே வெக்கல. ரெண்டு நாளு கை வலிச்சுது. எங்க உம்மாவுக்கு அதுவும் இல்ல, எனக்குதான் வலி. காபாவ சுத்தி வர்ற தவாப்ல அவங்க முன்னாடி போறாங்க, நான் பின்னாடி ஓடுறேன்."

அம்மா சிரித்தார். இதுதான் நேரம் என்று நான் ஆரம்பித்தேன். "பாத்தியாம்மா, ரிஸ்க் கம்மி, பெனிஃபிட்..."

"டேய் ரீசெட்டு, பட்டன்லேர்ந்து கைய எடு" என்றார் பாய். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, இவன் ஒரு மாசமா பேசிகினு கீறான். நீங்க வேணாம் வேணாம்ன்றீங்க. காலேஜு, மெக்கா எல்லாம் வுடுங்க. ஊசின்னா மொதல்ல எப்போ பயந்தீங்க? அப்போ பக்கத்துல யார் நின்னது?"

ஷீபா காபி டம்ளர்களோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"நான்தான் நின்னேன்" என்றார் அம்மா. "இவளுக்கு ஒரு வயசு கூட ஆவல. ஊசி போட்டுகினு வந்தோம். மத்தியானம் ஜுரம். மடியிலயே வெட்டி வெட்டி இழுத்துச்சு. கண்ணு மேல சொருகிடுச்சி. இவங்கப்பா டூட்டியில. இவன் ஸ்கூலுக்குப் போயிருக்கான். நான் ஒருத்தியா தூக்கிகினு ரோட்டுல ஓடினேன். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள நின்னுடுச்சு. ஜுரத்துல வர்றதுதான், பயப்படாதன்னு அனுப்பிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லல. வலிப்பு வந்த பொண்ணுன்னு பேரு கட்டிடுவாங்க, நாளைக்கு யாரு கட்டுவான்?"

"எனக்கு வலிப்பு வந்துச்சா?" என்றாள் ஷீபா. "என்கிட்ட கூடவா சொல்ல மாட்ட?"

நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். எனக்கும் தெரியாது. அம்மாவுக்கு எதிராக நான் திரட்டி வைத்திருந்த ஒரு வாதமும் இந்தப் பக்கம் வரவே இல்லை.

பாய் இப்போதாவது 'போடுங்க' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "இதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா. டாக்டரம்மாகிட்ட போங்க. இப்போ சொன்னத அப்டியே சொல்லுங்க. நீங்க சொல்லுங்க, இவன் சொல்ல வேணாம். பாப்பாவும் பக்கத்துல உக்காந்து கேக்கட்டும். அவ கைதான?" என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டுக் கிளம்பினார்.

செங்கல்பட்டு கிளினிக்கில் நான் வெளியே உட்கார வைக்கப்பட்டேன். கதவு பாதி திறந்திருந்ததால் கேட்டது. அம்மா எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். அதற்குப் பிறகு வலிப்பு வந்ததா, வேறு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று விசாரித்தார். கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சலில் அப்படி வருவதுண்டு, அதை வைத்து இந்த ஊசியைத் தவிர்க்கத் தேவையில்லை என்றார். போட்டால் கை வலிக்கலாம், தலைவலி, லேசான காய்ச்சல் வரலாம். போட்டதும் எழுந்து ஓடாமல் கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார வேண்டும், இந்த வயதுப் பிள்ளைகள் சில சமயம் மயங்கி விழும் என்றார்.

"நான் போடலன்னா?" என்று ஷீபா கேட்டாள்.

"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா அப்டி ஒண்ணு ஆச்சுன்னா ரொம்ப வேகமா ஆகும். போட்டாலும் எல்லா வகைக் கிருமிக்கும் இது காவல் இல்ல. கடுமையான ஜுரம், தாங்காத தலைவலி, கழுத்து வெறச்சுக்கறது, உடம்புல செவப்பா திட்டு, இதெல்லாம் வந்தா ஊசி போட்டுட்டோம்னு ரூம்ல படுத்துக் கெடக்காத. உடனே ஆஸ்பத்திரி. போடறதா இருந்தா இப்பவே போடு, வேலை செய்ய ஆரம்பிக்க நாளாகும்."

நான் ஒரு மாதம் சொன்னதைவிட இது குறைவான பேச்சு. 'பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது' என்பதை நான் ஒரு தடவை கூட அம்மாவிடம் சொன்னதில்லை. சொன்னால் என் கட்சி பலவீனமாகும் என்று நினைத்திருந்தேன்.

ஷீபா அம்மாவைப் பார்த்தாள். "நான் போட்டுக்கறேம்மா. நீ பக்கத்துல நில்லு." அம்மா நின்றார்.

மறுநாள் லேசாகக் காய்ச்சல் வந்தது. அம்மா வேலைக்குப் போகாமல் அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பாய் போன் செய்தார், எனக்கு இல்லை, அம்மாவுக்கு. "அக்கா, கேஜு இன்னா காட்டுது?" "நூறு பாய்." "டிரிப் ஆவாது. கஞ்சி குடுங்க." அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. சில வாரங்களில் ஷீபா ரயில் ஏறினாள். போகும்போது அவளுக்கு அம்மா சொன்ன கடைசி வார்த்தை, "கழுத்து வெறச்சா போன் பண்ணாத, ஆஸ்பத்திரிக்குப் போ."

இப்போது ஷீபா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாய் இறந்த அன்று, அந்த ரோட்டோரத்தில் நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது இதுதான்: "அப்போ பக்கத்துல யார் நின்னதுண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

கோவளத்தில் வீடு நிறையக் கூட்டம். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், முந்தியே செக் பண்ணியிருக்கலாமே என்று ஆளாளுக்குப் பேச்சு. நானும் கொஞ்சம் பேசினேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. தம்பி சலீமைக் கூட்டத்தில் காணவில்லை. கடற்கரையில், ஏற்றி வைத்த படகின் நிழலில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணாத்த, பாய் பக்கத்துல யார் நின்னது?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பது தெரிந்தது.

"நான்தாம்பா. எஞ்சினு ஸ்டார்ட் பண்ணி வுட்டாரு. சத்தம் கேக்கணும், பேசாதன்னு கைய காட்டினாரு. அப்டியே சாஞ்சு உக்காந்தாரு. தல குனிஞ்சுகினு. எஞ்சினு சத்தம் கேட்டுகினு கீறாருன்னு நெனச்சேன். அதான் பேசல. பேசாம நின்னுகினே இருந்தேம்பா."

எவ்வளவு நேரம் என்று கேட்க வாயெடுத்தேன். அது என் மூளை வேலை செய்கிற விதம், உடனே கணக்கு. அடக்கிக்கொண்டேன். வேறு ஒன்று கேட்டேன். "எஞ்சின் சத்தம் எப்டி இருந்துச்சு?"

சலீம் மூக்கைச் சிந்தினார். "நல்லா இருந்துச்சு. ரொம்ப நாளா தட்டிகினே இருந்துச்சு. இன்னிக்கிதான் சுத்தமா ஓடுச்சு. அவரு கேட்டிருப்பாரு இல்ல?"

"கேட்டிருப்பாரு" என்றேன். நிரூபிக்க முடியாத ஒன்றை நான் உறுதியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாயின் டெஸ்டர் இப்போது நம் பிரிவில் அவர் மேசையில் இருக்கிறது, வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கேள்வி போதும். என்னிடம் அது இன்னும் தாமதமாகத்தான் வருகிறது. என் தங்கைக்கு உடனே வருகிறது.