சரக்கை நிறுத்திய ரஹீம் பாய்

ரஹீம் பாய் காலமாகிவிட்டார் என்று மேல்விஷாரத்திலிருந்து அவர் மகன் போன் செய்தபோது நான் நம்பவில்லை. முந்தின மாலைதான் என்னோடு சண்டை போட்டிருந்தார்.

எங்கள் ஆம்பூரில் ஷூ தைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. தைத்ததைச் சென்னைத் துறைமுகத்தில் சுங்கத்துறையிடம் காட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக் கப்பலேற்றுகிறவர் கிளியரிங் ஏஜென்ட். ஷூவை மாட்டுகிறவருக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். என் ஏஜென்ட் ரஹீம் பாய் இல்லையென்றால் என் கம்பெனி இல்லை.

சில வருடங்களுக்கு முன் பார்த்த வேலையை விட்டுவிட்டு, இருபது பெண்களோடு கம்பெனி தொடங்கியிருந்தேன். முதல் ஆர்டர். கப்பலைத் தவறவிட்டால் ஆர்டர் ரத்து என்று வெளிநாட்டு வியாபாரி கறாராகச் சொல்லியிருந்தார். சரக்கு துறைமுகம் சேர்ந்ததும் பாய் அழைத்தார்.

“சரக்க நிறுத்திட்டேன்மா.”

“இன்னா பாய் சொல்றீங்க?”

“பெட்டிக்கு அடியில வெச்ச மரப்பலகையில முத்திரை இல்ல. பூச்சி சாவ சூடு காட்டுன மரம்னு முத்திரை இருக்கணும். இங்க தப்பிச்சாலும் அங்க எறக்க வுடமாட்டாங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஏத்தி அனுப்புறதுதான உங்க வேலை? ஏத்துங்க!” என்று கத்தினேன்.

“ஏத்திட்டா என் வேலை முடிஞ்சிடும். உங்க கம்பெனியும் அதோட முடிஞ்சிடும். அந்த வியாபாரிக்கு நீங்களே இப்ப போன் பண்ணி சொல்லிடுங்க. அவரு கேட்டு நாம சொன்னா பேஜாரு.”

அழுதுகொண்டே வியாபாரியிடம் சொன்னேன். அவர் அடுத்த கப்பல்வரை பொறுத்துக்கொண்டார். பாய் பலகைகளை மாற்றவைத்து, கூடவே நின்று ஏற்றினார். அதே வியாபாரிக்குத்தான் இன்றும் தைக்கிறோம்.

பிறகும் பாய் எனக்கு நல்ல சேதி சொன்னதே இல்லை. “நல்ல சேதிய லாரிக்காரரே சொல்லிடுவாரு. கெட்டத சொல்லத்தான் நான் இருக்கேன்,” என்பார். முந்தின மாலைச் சண்டையும் அப்படித்தான். பெட்டிகளின் எடையைத் தவறாகக் கொடுத்திருந்தேன். திட்டித் திருத்தவைத்த பிறகே சுங்கத்துறையில் தாக்கல் செய்தார். அதுவே அவருடைய கடைசி வேலை.

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு அடக்கம் செய்யப் போயிருந்தார்கள். நான் பாய் வீட்டில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அப்போது லாரி டிரைவர் அழைத்தார். சோதனை முடிந்து சரக்கு உள்ளே போய்விட்டதாம். சொல்லலாமா என்று தயங்கி, பாயின் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

“பாய் கடைசியா பாத்த சரக்கு ஹார்பருக்குள்ள போய்டிச்சிக்கா.”

“போய்டிச்சா?” என்று நிமிர்ந்தார். “இத கேட்டப்பறம்தான் அவரு சாப்ட ஒக்காருவாரு.”

காலையிலிருந்து யார் கொடுத்தும் தொடாத தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

சரக்கு போய்ச் சேர்ந்தது, பாய். நிம்மதியாகப் போய் வாருங்கள்.