வெறும் வயிறு

மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி, மூக்கை ஒரு விரல்கடை தூரத்துக்குக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொள்வாள் பொன்னி. ஒரு மூச்சு, அவ்வளவுதான். பிறகு நாயை விட்டுவிட்டு, நாயைக் கொண்டுவந்தவரைப் பார்ப்பாள். "ராத்திரி தயிர்சோறு. காலைல பிஸ்கட்டு. எத்தினி, ரெண்டா மூணா?" பெரும்பாலும் மூன்றாக இருக்கும்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் இருக்கிற பிராணிகள் மருத்துவமனையில் அவளுக்கு இது எட்டாவது வருடம். புதன்கிழமைகளில் அங்கே பல் வேலை. நாய்க்கும் பூனைக்கும் மயக்க மருந்து கொடுத்து, பல்லில் படிந்த காரையைச் சுரண்டி, மெருகேற்றி, ஆடுகிற பல்லைப் பிடுங்கி அனுப்புவார்கள். டாக்டர் ஜெயஸ்ரீ செய்வார். பொன்னி தலைமாட்டில் நின்று வாயைப் பிடித்துக்கொள்வாள். மயங்கிக் கிடக்கிற பிராணி வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதால் வெறும் வயிற்றோடு வரவேண்டும். முதல் நாளே போனில் சொல்கிறார்கள், வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள், காலையில் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்படியும் ஊட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு ஜீவனைப் பட்டினியாக வீட்டைவிட்டுக் கிளப்ப யாருக்கும் மனசு வருவதில்லை. கேட்டால், இல்லவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார்கள். அதனால்தான் மூக்கு.

மூக்குக்காக அவள் விட்டவை பல. வேலைக்கு வரும்போது பூ வைப்பதில்லை. பவுடர் இல்லை. பக்கத்து பேக்கரியில் பத்தரை மணிக்குப் பன் வேகும், அப்போது ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். சாத்திய ஜன்னலை இன்னொரு தடவை போய்த் தள்ளிப் பார்ப்பாள். ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பாள், வாசலுக்குப் போவாள், திரும்பி வந்து அதே முள்ளைப் பார்ப்பாள். மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பாள், அங்கும் நிற்காமல் அதற்கடுத்ததுக்கு. சில நாள் வீடுவரை நடந்தே போய்விடுகிறாள், பின்னாலேயே வந்த பஸ் அவளைத் தாண்டிப் போயிருக்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் மட்டும் சும்மா இருப்பாளா? பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் போதும். "கீழ்வரிசைல கடைசிப் பல்லு சொத்த சார். போய் காட்டிடுங்க." ஒருவர் பயந்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

முதல் வருடம் குரோம்பேட்டையிலிருந்து ஒரு வெள்ளைப் பூனை வந்தது. வாயைத் திறந்தபோது மீன் வாசனை. பொன்னி பனையூர்க் குப்பத்தில் பிறந்தவள், முடிச்சூரில் வாழ்க்கைப்பட்டவள். முந்தின நாள்தான் அம்மா வீட்டில் ஒரு கூடை சங்கரா மீனை ஆய்ந்துவிட்டு வந்திருந்தாள். நாறுவது தன் கைதான் என்று நினைத்துவிட்டாள். கூசிப்போய், டெட்டால் ஊற்றி இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்து பூனையின் காலைப் பிடித்தாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பூனை வீட்டுக்குத் திரும்பவில்லை. அதன் வீட்டுக்காரர்கள்தான், காலையில் ஒரு துண்டு கொடுத்தோம் என்று அழுதார்கள். பொன்னியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவள் வீட்டில் மீன் கிடையாது. முருகனுக்காக என்று புருஷன் தயாளன் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை ஊரப்பாக்கத்திலிருந்து டிங்கு வந்தது. பொமரேனியன், பன்னிரண்டு வயது, நாலு கிலோகூட இல்லை. பல் எது காரை எது என்று தெரியவில்லை. மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அழுகி, வலது கண்ணுக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் கீழ்த்தாடை எலும்பு ஈர்க்குச்சியாகத் தெரிந்தது. ஒரு வாரம் தள்ளினால் வீக்கம் உடையும், இல்லையென்றால் எதையாவது கடிக்கும்போது தாடை உடையும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாலு நாளாகச் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறதாம்.

கொண்டுவந்தவர் சத்யநாராயணன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டாள், ஊசி போடுவதைப் பார்க்க முடியாதென்று. படிவத்தில் 'கடைசியாக உண்டது' என்ற இடத்தில் அவர் மணிமணியான எழுத்தில் எழுதியிருந்தார்: நேற்று இரவு 8.10, கஞ்சித் தண்ணீர், மூன்று ஸ்பூன். எட்டு பத்து என்று நிமிடம்வரை எழுதுகிற மனிதர் பொய் சொல்ல மாட்டார்.

பொன்னி உதட்டைத் தூக்கினாள். முதலில் அழுகல், முகத்தில் அறைந்தது போல. அதற்கு அடியில் நெய்யா? இன்னும் அடியில், பச்சைக் கற்பூரம் போலக் குளிர்ச்சியாக ஒன்று. நிமிர்ந்தாள். வாசல்வரை போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து மறுபடி முகர்ந்தாள். பெரியவரின் கையைக் கேட்டு வாங்கி அதையும் முகர்ந்தாள். விபூதி. அவர் கையிலிருந்து வருவதாக இருக்கலாம். தன் பிரமையாகவும் இருக்கலாம். உள்ளே போனாள், வெளியே வந்தாள், ஆக்சிஜன் முள்ளைப் பார்த்தாள்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஹேமநாத் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டிருந்தார். புதன்தோறும் நாலு இடத்துக்கு ஓடுகிறவர். முன்னங்காலைச் சிரைத்தாகிவிட்டது. ஊசிக்குழாயைக் காலில் ஒட்ட டேப் கேட்டுக் கையை நீட்டினார். டேப் பொன்னியின் கையில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை.

"வேணாம் சார். வவுத்துல இன்னாவோ கீது."

ஹேமநாத் சிரித்தார். இவள் மூக்கை வைத்து ஒரு லேபே நடத்தலாம் என்றார். டாக்டர் ஜெயஸ்ரீ சிரிக்கவில்லை, ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார். வாய் முழுக்கச் சீழ் வைத்திருக்கிறது, இதில் எந்த வாசனையை நம்புவது என்று மெதுவாகத்தான் கேட்டார். பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒரு வாய் தண்ணிகூட நான் கொடுக்கலைம்மா. சத்தியம்."

அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் பொன்னியை உலுக்கியது. டேப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு, வீட்டம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுங்கள் என்றாள்.

நாய்க்கு என்ன கொடுத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எட்டு வருடத்தில் அவளுக்கு மனப்பாடம். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அம்மா, ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன். காலைல சக்கரப் பொங்கல் எவ்ளோ மிச்சம் கீது?"

"மிச்சம் எங்க இருக்கு? கிண்ணத்தையே நக்கிட்டான்," என்றது அந்தப் பக்கம், சந்தோஷமாக. "திராட்சையை மட்டும் பொறுக்கி எடுத்துட்டேன். நாய்க்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஹேமநாத் ஊசியை மூடி வைத்தார்.

தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் ஆறு மணிக்கே டிங்கு பெயருக்கு அர்ச்சனை செய்திருக்கிறாள் பெரியவரின் மனைவி மஹாலட்சுமி. குருக்கள் நட்சத்திரம் கேட்டதற்கு, அது வீட்டுக்கு வந்த நாளின் நட்சத்திரத்தைச் சொல்லியிருக்கிறாள். ஆறரைக்குத் தொன்னையோடு வந்து கிண்ணத்தில் குழைத்து வைத்தாள். நாலு நாளாக எதையும் தானாகத் தொடாதது, நெய் வாசனைக்கு நாக்கை நீட்டியது. இதெல்லாம் சத்யநாராயணனுக்கும் தெரியும். பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

"அது பிரசாதம்மா," என்றார் அவர். திடுக்கிட்ட முகமாக இருந்ததே தவிர, மாட்டிக்கொண்ட முகமாக இல்லை. "சாப்பாடுன்னுதானே எழுதச் சொன்னீங்க? நான் சஷ்டி விரதம் இருக்கறவன். கோயில்ல கொடுத்தா ஒரு விள்ளல் வாயில போட்டுப்பேன். அதனால விரதம் கெட்டுடுமா?"

டாக்டர் ஜெயஸ்ரீ விரல் விட்டு மணியைக் கணக்கிட்டார்.

ஆறரைக்கு நெய்ப்பொங்கல் என்றால் மூன்று மணிக்கு முன்னால் தொட முடியாது. மூன்று மணிக்கு ஹேமநாத் வேளச்சேரியில் இருக்க வேண்டும். அடுத்த புதன் என்று சொல்ல டாக்டர் வாயெடுத்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், சொல்லவில்லை. பொன்னி அதற்குள் போனோடு படிக்கட்டுக்குப் போயிருந்தாள். வேளச்சேரியில் இவளைப் போலவே உதவிக்கு இருக்கிற ரோஸியிடம் கெஞ்சினாளா திட்டினாளா தெரியாது, இரண்டு சத்தமும் கேட்டது. வந்து சொன்னாள்: "அங்க கீற பூனைய இப்பவே ரெடி பண்றாளாம். நீங்க மொதல்ல அங்க போய்ட்டு, மூணுக்கு இங்க வந்துடுங்க சார்." ஹேமநாத் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதன் பிறகு அவள் ஒரு கோலி சோடாவைத் திறந்து வைத்துவிட்டுக் குடிக்க மறந்தாள். ஒரு லாப்ரடாருக்கு நகம் வெட்டினாள். நாலு தடவை டிங்குவின் ஈறை அழுத்தி நிறம் பார்த்தாள். இரண்டு மணி மின்சார ரயிலில் மஹாலட்சுமி வந்து சேர்ந்தாள். விஷயம் போனிலேயே அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசி நாற்காலியில், கூண்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பொன்னி நாலாவது தடவை குறுக்கே போனபோது, சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என் கையால கொடுத்ததே எமனா வந்திருக்கும்னு சொல்றே. இல்லே?"

"நான் அப்டி சொல்லலமா. வவுறு காலியா இருக்கணும்னேன்."

"பன்னெண்டு வருஷமா அவனுக்கு நான்தான் போடறேன்."

பொன்னிக்கு அந்த வெள்ளைப் பூனையின் கதை வாய் வரை வந்தது. முழுங்கிக்கொண்டு ஜன்னலைத் தள்ளிப் பார்க்கப் போனாள்.

மூன்று அடித்தும் ஹேமநாத் வரவில்லை. மூன்று பத்து. அவள் வாசலுக்கு ஆறு தடவை போனாள். தாம்பரம் மேம்பாலம் நகரவில்லை என்று அவர் போனில் சொன்னார். மூன்று இருபத்தைந்துக்கு வந்தார். இந்தத் தடவை கையை நீட்டுவதற்குள் டேப் வந்தது.

டிங்கு தூங்கியதும் மூச்சுக்கான குழாய் இறங்கியது. தொண்டையில் ஈரத்துணி வைத்தார்கள். காரை சுரண்டுகிற ஸ்கேலர் கொசுவைப் போல ரீங்கரிக்க, தண்ணீர் தெறித்து, காரை பழுப்புப் பழுப்பாகக் கழன்று விழுந்தது. பிடுங்க வேண்டிய பல் பதினொன்று. மேல் பல் வந்ததும் சீழ் வழிந்து கண்ணுக்குக் கீழே வீக்கம் வடிந்தது. கீழ்க் கடைவாய்க்கு வந்தபோது டாக்டர் பொன்னியைப் பார்த்தார். அவள் இரண்டு விரலைத் தாடைக்கு அடியில் கொடுத்தாள். டாக்டர் பல்லை அசைக்க அசைக்க, எலும்பு எந்தப் பக்கம் வளையப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் விரல் நகர்ந்தது. இருபது நிமிடம். பல் வந்தது, தாடை நின்றது. ஹேமநாத் திரையைப் பார்த்தபடி, மூச்சு நன்றாக இருக்கிறது என்றார். தொண்டைத் துணியை எடுத்து, எத்தனை வைத்தோம் எத்தனை வந்தது என்று அவள் இரண்டு தடவை சரிபார்த்தாள்.

சாயந்தரம் ஆறரைக்கு டிங்கு தலையைத் தூக்கியது. கோரைப்பல் போய்விட்டதால் நாக்கு ஒரு ஓரமாக வெளியே கிடந்தது. சத்யநாராயணன் குனிந்து அதன் பெயரைச் சொன்னார். வாலின் நுனி அசைந்தது. மஹாலட்சுமி எழுந்து வந்தாள், ஆனால் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாள். இனி கொஞ்சமாகக் கொடுக்கலாம், கூழாக, ஆறியதாக என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பொன்னி டப்பாவைத் திறந்து, வெந்நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்தாள். புறங்கையில் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்த்தாள். ஸ்பூனில் பாதி எடுத்தாள். நாய் அவளைத்தான் பார்த்தது. அவள் ஸ்பூனை நாயிடம் கொண்டுபோகவில்லை. திருப்பி, காம்புப் பக்கத்தை மஹாலட்சுமிக்கு நீட்டினாள். அந்தம்மாளின் கை முந்தானைக்குள் இருந்தது, வெளியே வரவில்லை. வெளியே அடுத்த நாய் குரைத்தது, யாரோ பொன்னியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பொன்னி நீட்டிய கையை மடக்கவில்லை.