மெருகேறிய கோலிகள்

காங்கேயம் அருகே ஒரு கல் பட்டறை. மோதிரக் கற்களுக்கு மெருகு போடுகிறவர், தன்னிடமுள்ள பழைய கண்ணாடிக் கோலிகளை, பழம்பொருள் வாங்கி விற்கும் என்னிடம் விற்று மகளின் ஆபரேஷனை முடித்துவிடலாம் என்றிருக்கிறார். துணியை விரிக்கிறார். லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாக உருட்டிப் பார்க்கிறேன். கையால் செய்த கோலியில், கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டிய இடத்தில் சொரசொரப்பாக ஒரு வடு இருக்கும், விலையே அதற்குத்தான். அவர் அனுப்பிய படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. இப்போது எதிலும் இல்லை.

“கீறல் இருந்தா விலை கொறையும்னு போன்ல சொன்னீங்கல்லங்க. ரெண்டு நாளா உக்காந்து தேச்சுப்போட்டனுங்க.”

சொன்னவன் நான்தான். வடுவைத் தொடாதீர்கள் என்று சொல்லத்தான் தோன்றவில்லை.

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணுகூட உடலீங்க,” என்று சிரிக்கிறார். “இப்பக் கொஞ்சம் கூடவே கெடைக்குமுங்களா?”